கணையாழி முதல் ஒற்றைத் திறவுகோல் வரை

துஷ்யந்தனின் அவையில் சகுந்தலை வந்து நின்றபோது அவள் விரலில் கணையாழி இல்லை. வழியில் ஒரு நீர்த்துறையில் அது நழுவி விழுந்துவிட்டது. ஆள் கண்முன் நிற்கிறாள். ஆயினும் அரசன் அவளை அறியவில்லை. பின்னர் மீனவன் ஒருவனிடமிருந்து, மீனின் வயிற்றில் கிடந்த அந்த மோதிரம் அரண்மனைக்கு வந்து சேர்ந்த பிறகே அவனுக்கு நினைவு திரும்புகிறது. காளிதாசனின் நாடகத்தில் இதற்குத் துருவாச முனிவரின் சாபம் காரணமாகக் கூறப்படுகிறது. சாபம் எதுவும் இல்லாமலே இதே காட்சி இன்று அலுவலகந்தோறும் அரங்கேறி வருகிறது. பல்லாண்டுகளாக ஒரே நாற்காலியில் அமர்ந்து பணியாற்றும் எழுத்தர் ஒருவர் ஒரு காலையில் தம் கடவுச்சொல்லை மறந்துவிட்டால், பக்கத்து இருக்கையில் இருப்பவர்கள் அனைவரும் அவரை அறிந்திருந்தும், கணினி மட்டும் அவரை அறிவதில்லை.

ஆளை அறிவது வேறு. ஆள் கொண்டுவரும் அடையாளத்தை அறிவது வேறு. பணியிடங்களில் முதலாவது மெல்ல மெல்ல மறைந்து இரண்டாவது நிலைபெற்ற கதையே கடவுச்சொல்லின் வரலாறு. பல பூட்டுகளுக்கு ஒரே திறவுகோல் என்னும் 'ஒற்றை உள்நுழைவு' முறை அவ்வரலாற்றின் அண்மை அத்தியாயம். அதனால் விளைந்த நன்மை பெரிது. அதனோடு வந்த பொறுப்பும் பெரிது.

முகம் அறிந்த காலம்

மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக் களத்தில் தொழிலாளர் வரிசையில் நிற்பர். பெயர் கூப்பிடப்படும், செக்ரோலில் குறிக்கப்படும். அங்கே ஒருவர் தம்மை இன்னார் என்று மெய்ப்பிக்க எந்தச் சான்றும் காட்ட வேண்டியதில்லை. கங்காணி ஒவ்வொருவரையும் முகத்தால் அறிவார், குடும்பத்தை அறிவார், குரலைக் கேட்டே ஆளைச் சொல்லிவிடுவார். அந்த அறிவில் அன்பும் இருந்தது, அடக்குமுறையும் இருந்தது. பெயர் குறிக்கும் கை மனம் வைத்தால் ஒரு நாள் கூலி நிலைக்கும். மனம் மாறினால் அரை நாளாகிவிடும். எனவே முகம் அறிந்த காலத்தைப் பொற்காலம் என்று புகழ்ந்துவிடவும் முடியாது. ஆனால் அந்த முறை இயங்குவதற்கு, அறிபவர் ஒருவர், அறியப்படுபவர் சில நூறு பேர் என்னும் அளவு இன்றியமையாததாக இருந்தது.

ஆயிரக்கணக்கானோர் ஒரே வாயிலில் நுழையும் தொழிற்சாலைகளில் அது இயலாது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ஆபர்ன் என்னும் ஊரைச் சேர்ந்த வில்லர்ட் பண்டி என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். நகை வணிகரும் கடிகாரக் கலைஞருமான அவர் உருவாக்கிய வருகைப் பதிவுக் கடிகாரத்திற்கு 1890ஆம் ஆண்டு காப்புரிமை கிடைத்தது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் எண் பொறித்த சாவி ஒன்று தரப்பட்டது. அதைக் கடிகாரத்தில் செருகித் திருப்பினால், உள்ளிருக்கும் தாள்சுருளில் அந்த எண்ணும் வந்த நேரமும் பதியும்.

அன்று முதல் தொழிற்சாலை வாயிலில் தொழிலாளி ஓர் எண்ணானார். கடிகாரம் யாரிடமும் ஓரவஞ்சனை காட்டவில்லை. அது அதன் சிறப்பு. ஆனால் அது அறிந்தது சாவியை மட்டுமே. நண்பனின் சாவியையும் சேர்த்துத் திருப்பிவிட்டால், வராத நண்பனும் வந்தவனாகிவிடுவான். சாவி வந்தது என்பதற்குத்தான் அங்கே சான்று உண்டு. ஆள் வந்தான் என்பதற்கு இல்லை. பின்னாளில் எழுந்த சிக்கல்கள் அனைத்திற்கும் வித்து இந்த ஒரு குறையில் இருக்கிறது எனலாம்.

பண்டி குடும்பத்தாரின் நிறுவனம் 1900இல் வேறொரு வருகைப் பதிவு நிறுவனத்தோடு இணைந்தது. 1911இல் அதுவும் பெரியதொரு கூட்டு நிறுவனத்தின் அங்கமாயிற்று. அந்தக் கூட்டு நிறுவனமே 1924ஆம் ஆண்டு ஐ.பி.எம். என்னும் பெயரைச் சூடியது. வாயிற்கடிகாரத்தின் வழித்தோன்றலான அதே நிறுவனத்தின் கணினியில்தான், கணினி உலகின் முதற் கடவுச்சொற்கள் பிறந்தன என்பது வரலாற்றின் விந்தை.

கடவுச்சொல் பிறந்த கதை

1961ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோவும் அவர்தம் குழுவினரும், ஒரே கணினியைப் பலர் ஒரே வேளையில் பயன்படுத்தும் நேரப்பகிர்வு முறை ஒன்றை இயக்கிக் காட்டினர். ஐ.பி.எம். 709 என்னும் கணினி அதற்குப் பயன்பட்டது. அக்காலத்தில் கணினி ஒரு பெரிய அறையை நிறைக்கும் பொருள். அதன் ஒவ்வொரு மணித்துளிக்கும் விலை உண்டு. எனவே ஒவ்வொருவருக்கும் இத்தனை மணி நேரம் என்று அளந்து தர வேண்டியிருந்தது. அவரவர் கோப்புகளைப் பிறர் தொடாது காக்கவும் வேண்டியிருந்தது. அதற்கு எளிய தீர்வாக ஒவ்வொருவருக்கும் ஒரு கடவுச்சொல் வழங்கப்பட்டது.

நாட்டின் இரகசியங்களைக் காக்க அது பிறக்கவில்லை. பங்கீட்டு அரிசியைப் போல் நேரத்தை அளந்து கொடுக்கவே பிறந்தது. அந்த அளவிற்குத்தான் அதற்கு உறுதியும் இருந்தது.

அடுத்த ஆண்டே அது உடைந்தது. ஆலன் ஷெர் என்னும் ஆய்வு மாணவருக்கு ஒதுக்கப்பட்ட நேரம் வாரத்திற்கு நான்கு மணி. அவருடைய ஆராய்ச்சிக்கு அது போதவில்லை. கோப்பின் பெயரைத் துளை அட்டையில் எழுதிக் கொடுத்தால், அக்கோப்பைத் தாளில் அச்சிட்டு வைக்கும் வசதி அங்கே இருந்தது. 1962ஆம் ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை இரவு, கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பின் பெயரையே எழுதிக் கொடுத்தார். மறுநாள் அதிகாலையில் போய் அச்சுத்தாளை எடுத்துக்கொண்டார். கணினி சிறிதும் ஐயுறவில்லை. ஏறத்தாழக் கால் நூற்றாண்டு கழித்தே ஷெர் தாம் செய்ததைக் கோர்பட்டோவிடம் ஒப்புக்கொண்டார்.

அதே கணினி முறையில் 1960களின் நடுவில் மற்றொரு நிகழ்ச்சி. இரு நிருவாகிகள் ஒரே வேளையில் இரு கோப்புகளைத் திருத்திக்கொண்டிருந்தனர். ஒருவர் திருத்தியது அன்றைய அறிவிப்பு. மற்றவர் திருத்தியது கடவுச்சொற் பட்டியல். இருவருடைய தற்காலிகக் கோப்புகளுக்கும் ஒரே பெயர் அமைந்துவிட்டதால் இடம் மாறிப்போயின. அதன்பின் கணினிக்குள் நுழைந்த ஒவ்வொருவருக்கும், அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக அனைவருடைய கடவுச்சொற்களும் வரிசையாக அச்சாகி வந்தன. இங்கே கள்வர் எவரும் இல்லை; கதவு தானாகவே திறந்துகொண்டது. 1990ஆம் ஆண்டுக்குரிய டூரிங் விருதைப் பெற்ற கோர்பட்டோ, தமது விருதுரையில் இந்த நிகழ்ச்சியை மறைக்காமல் எடுத்துரைத்தார். தம் தவற்றைத் தாமே பாடமாக்கிய பெருந்தன்மை அது.

மாவும் உப்பும்

மேற்கண்ட இரு நிகழ்ச்சிகளிலும் குறை ஒன்றே. காவலன் தன்னிடம் எல்லாருடைய கடவுச்சொல்லையும் எழுதி வைத்திருந்தான். எழுதி வைத்த தாள் களவு போனால் எல்லாம் போயிற்று. அப்படியானால், எழுதி வைக்காமலே ஒருவரை அறிவது எங்ஙனம்?

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோஜர் நீதம் இதற்கு விடை கண்டார். அவருடைய முறையை மோரிஸ் வில்க்ஸ் 1968இல் வெளிவந்த தமது நூலில் விளக்கினார். அரிசியை மாவாக அரைக்கலாம்; மாவை மீண்டும் அரிசியாக்க முடியாது. அதுபோல, கடவுச்சொல்லை ஒருவழிக் கணக்கு ஒன்றின் வழியே அரைத்து, அரைத்த மாவை மட்டுமே கணினி வைத்துக்கொள்ளும். மறுநாள் அதே மனிதர் வந்து சொல்லைத் தரும்போது அதையும் அரைத்துப் பார்க்கும். இரண்டும் ஒத்தால் அவர் உரியவர். பட்டியல் களவு போனாலும் கள்வனுக்குக் கிடைப்பது மாவுதான்.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை வளர்த்தவர்கள் இந்த முறையை மேலும் செம்மைப்படுத்தினர். 1979இல் ராபர்ட் மோரிசும் கென் தாம்சனும் எழுதிய கட்டுரை இத்துறையில் புகழ்பெற்றது. அரைப்பதற்கு முன் ஒவ்வொரு சொல்லோடும் வெவ்வேறு எண்ணைக் கலக்கும் முறையை அவர்கள் விளக்கினர்; அந்த எண்ணுக்கு 'உப்பு' என்றே பெயர் வழங்கலாயிற்று. இருவர் ஒரே சொல்லை வைத்திருந்தாலும் உப்பு வேறாதலால் மாவு வேறாகும்.

ஆனால் அதே கட்டுரையில் மற்றோர் உண்மையும் இருந்தது. மக்கள் தாமே தேர்ந்துகொண்ட 3,289 கடவுச்சொற்களை அவர்கள் ஆராய்ந்தனர். அவற்றுள் 86 விழுக்காடு, மிகக் குறுகியவையாகவோ அகராதியிலும் பெயர்ப் பட்டியல்களிலும் எளிதில் கிடைப்பவையாகவோ இருந்தன. 15 பேர் ஒரே ஓர் எழுத்தையே கடவுச்சொல்லாக வைத்திருந்தனர்! பூட்டு எத்துணை உறுதியாயினும், திறவுகோலை மனித நினைவில் அல்லவா வைக்க வேண்டியிருக்கிறது? மனித நினைவோ தனக்கு எளிதானதையே நாடும். இது மனிதரின் குற்றமன்று, இயல்பு. இந்த இயல்பைக் குற்றமாக எண்ணியதால் விளைந்த துன்பம் பின்னர் வந்தது.

மூன்று தலை நாய்

1980களில் கணினி உருமாறியது. ஒரு பெரிய கணினியைப் பலர் பகிர்ந்துகொண்ட நிலை மாறி, பல சிறு கணினிகள் கம்பி வலைப்பின்னலால் இணைந்தன. 1983ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், டிஜிட்டல், ஐ.பி.எம். ஆகிய இரு நிறுவனங்களின் துணையோடு 'ஏதெனா' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. வளாகத்தில் எந்தக் கணினியின் முன் எந்த மாணவர் அமர்ந்தாலும் அவருடைய கோப்புகளும் அஞ்சலும் அங்கேயே கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம்.

நோக்கம் உயர்ந்தது, சிக்கலும் பெரிது. கோப்புக்கு ஒரு கணினி, அஞ்சலுக்கு ஒரு கணினி, அச்சுக்கு ஒரு கணினி. ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை கடவுச்சொல்லைத் தருவதா? அப்படித் தந்தால் அச்சொல் கம்பி வழியே நாளெல்லாம் பயணம் செய்யும். அதே கம்பியில் இணைந்த எவரும் அதை ஒற்றுக்கேட்கலாம். மாவாக அரைத்து வைக்கும் முறை பட்டியலைக் காத்ததேயன்றி வழிப்பயணத்தைக் காக்கவில்லை.

இதற்கான அடிப்படையை ரோஜர் நீதமும் மைக்கேல் ஷ்ரோடரும் 1978ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றில் வகுத்திருந்தனர். இருவரும் நம்பும் மூன்றாமவர் ஒருவர் இருந்தால், முன்பின் அறியாத இருவர் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளலாம் என்பது அதன் சாரம். 1981இல் டென்னிங், சக்கோ என்னும் இருவர் அதில் இருந்த ஓர் ஓட்டையைக் காட்டி, நேரமுத்திரை இட்டால் அது அடைபடும் என்றனர். இவ்விரு கருத்துகளையும் கொண்டு ஏதெனா திட்டத்தில் ஸ்டீவ் மில்லரும் கிளிஃபர்ட் நியூமனும் முதன்மையாக நின்று வடிவமைத்த முறையே 'கெர்பரோஸ்'. கிரேக்கப் புராணத்தில் பாதாள உலகின் வாயிலைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயர் அது.

அதன் இயக்கம் எளிய கருத்தின் மேல் எழுந்தது. பணிக்கு வருபவர் காலையில் தம் பெயரை மட்டும் வாயிற்காவலனுக்கு அனுப்புகிறார். காவலன் ஒரு நுழைவுச்சீட்டை எழுதி, அதை ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டி அனுப்புகிறான். அந்தப் பூட்டு, கேட்டவருடைய கடவுச்சொல்லால் மட்டுமே திறக்கக்கூடியது. உரியவர் தம் முன்னுள்ள கணினியில் சொல்லைத் தட்டினால் பெட்டி அங்கேயே திறக்கும். கடவுச்சொல் கம்பியில் பயணம் செய்யவே இல்லை என்பதைக் கருத வேண்டும். பிறகு அஞ்சலோ அச்சோ வேண்டும்போது, அந்தச் சீட்டைக் காட்டி அந்தந்தப் பணிக்குரிய தனிச்சீட்டைக் கணினியே பெற்றுக்கொள்ளும். மனிதர் மீண்டும் எதையும் தட்ட வேண்டியதில்லை. ஏதெனாவில் காலைச் சீட்டின் ஆயுள் எட்டு மணி நேரம். ஏறத்தாழ ஒரு வேலைநாள். மாலையில் அது தானே செல்லாததாகிவிடும்.

'ஒற்றை உள்நுழைவு' என்று இன்று வழங்கும் முறை, நாள்தோறும் பல்லாயிரவர் பயன்படுத்தும் நிலையில் இங்ஙனம் உருப்பெற்றது. இதை எளிமையாக விளக்க, 1988இல் பில் பிரயண்ட் என்பவர் ஏதெனா, யூரிப்பிடிஸ் என்னும் இருவர் உரையாடுவதாக நான்கு காட்சிகள் கொண்ட ஓர் உரையாடலை எழுதினார். ஒருத்தி ஒரு முறையைச் சொல்ல, மற்றவர் அதன் ஓட்டையைக் காட்ட, காட்சிக்குக் காட்சி முறை செம்மையடைகிறது. அதே ஆண்டு இம்முறையின் முழு விளக்கமும் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. 1993இல் அதன் ஐந்தாம் பதிப்பு பொது நெறியாக வெளியிடப்பட்டது. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்த விண்டோஸ் 2000, அலுவலக வலைப்பின்னல்களுக்குரிய வழக்கமான முறையாகக் கெர்பரோசை ஏற்றது. அதன் பெயரைக் கேட்டேயிராத கோடிக்கணக்கான எழுத்தர்கள் அன்றுமுதல் காலைதோறும் அந்த நாயின் முன் நின்று சீட்டுப் பெறலாயினர்.

நினைவின் மேல் ஏறிய சுமை

அலுவலகத்திற்குள் ஓரளவு அமைதி பிறந்த காலத்தில் வெளியே இணையம் பெருகியது. சம்பளக் கணக்கு ஒரு நிறுவனத்தின் தளத்தில்; விடுப்பு விண்ணப்பம் மற்றொன்றில்; வங்கிப் பணி வேறொன்றில். ஒவ்வொரு தளமும் தனித்தனிச் சொல்லைக் கேட்டது.

இச்சூழலில் அமெரிக்கத் தரநிலைகள் நிறுவனம் 2004ஆம் ஆண்டு ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. அதன் பின்னிணைப்பை ஒட்டி, பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் எண்ணும் குறியும் கலந்திருக்க வேண்டும். குறித்த நாள்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்னும் விதிகள் உலகெங்கும் அலுவலகங்களில் வேரூன்றின. மனிதர் என்ன செய்வர்? பழைய சொல்லின் கடைசி எண்ணை ஒன்று கூட்டினர். தாளில் எழுதி விசைப்பலகைக்கு அடியில் வைத்தனர். 2010ஆம் ஆண்டு வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 7,700க்கும் மேற்பட்ட கணக்குகளின் பழைய கடவுச்சொற்களை ஆராய்ந்தனர். முந்தைய சொல் தெரிந்தால், 17 விழுக்காட்டுக் கணக்குகளில் அடுத்த சொல்லை ஐந்துக்கும் குறைவான முயற்சிகளிலேயே ஊகித்துவிடலாம் என்று கண்டனர். அடிக்கடி மாற்றச் சொன்னது காவலை வளர்க்கவில்லை; சலிப்பையே வளர்த்தது.

2017இல் அதே நிறுவனம் தன் வழிகாட்டியைத் திருத்தியது. களவு போனதற்கான அறிகுறி இருந்தாலன்றிக் கட்டாயமாக மாற்றச் சொல்லவேண்டா என்றது. முதல் வழிகாட்டியை எழுதிய பில் பர் என்னும் அறிஞரும் தாம் எழுதியவற்றுள் பலவற்றுக்காக வருந்துவதாக அவ்வாண்டு வெளிப்படையாகக் கூறினார். இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகளில் மறந்ததற்காக ஏச்சு வாங்கிய பணியாளர்களுக்கு அந்த வருத்தம் காலம் கடந்த ஆறுதலே.

நிறுவனங்களுக்கிடையே சீட்டு செல்லும் வழியும் இதே காலத்தில் அமைந்தது. 2002இல் வெளிவந்து 2005இல் இரண்டாம் பதிப்பைக் கண்ட 'சாம்ல்' என்னும் நெறியும், 2014இல் வந்த 'ஓப்பன் ஐடி கனெக்ட்' என்னும் நெறியும் அவ்வழிகள். பணியாளரின் நிறுவனம் 'இவர் எம்மவர்' என்று முத்திரையிட்டு ஓலை எழுதித் தரும். வெளித்தளம் முத்திரையைப் பார்த்து உள்ளே விடும். கெர்பரோஸ் ஒரு வளாகத்துக்குள் செய்ததை இவை உலகளாவச் செய்தன.

சிங்கப்பூரின் அனுபவம்

இவ்வழியைத் தேசிய அளவில் முன்னரே தொடங்கிய நாடுகளுள் சிங்கப்பூர் ஒன்று. 2003ஆம் ஆண்டு மார்ச்சில் 'சிங்பாஸ்' தொடங்கப்பட்டது. வருமான வரி, மத்திய சேமநிதி, வீடமைப்பு எனப் பல அரசுச் சேவைகளுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல் என்றாயிற்று. அலுவலக வரிசையில் நிற்கும் நேரம் மிச்சமாயிற்று.

ஆனால் ஒரு சொல்லே பல கதவுகளைத் திறக்குமானால், அந்தச் சொல்லின் விலையும் உயர்ந்துவிடும். 2014 ஜூனில், 1,560 சிங்பாஸ் கணக்குகளில் உரியவரின் இசைவின்றி எவரோ நுழைந்திருக்கலாம் என்று அறிவிக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து இரண்டாவது சான்று ஒன்றையும் கேட்கும் முறை 2015இல் வந்தது. 2016 ஜூலை முதல் முக்கியமான சேவைகளுக்கு அது கட்டாயமாயிற்று. கைப்பேசிக்கு வரும் எண்ணோ, கையடக்கக் கருவி காட்டும் எண்ணோ சொல்லோடு சேர்ந்தது. அறிந்த ஒன்றும் கையில் உள்ள ஒன்றும் இணைந்தாலே கதவு திறக்கும்.

பணியிடத்தைப் பொறுத்தவரை மற்றொரு முன்னேற்றம் 2016 செப்டம்பரில் அறிமுகமான 'கார்ப்பாஸ்'. நிறுவனத்தின் சார்பில் அரசோடு தொடர்புகொள்ளும் எழுத்தர், தமது சொந்த அடையாளத்தை நிறுவன வேலைக்குப் பயன்படுத்த நேரும் நிலையை அது மாற்றியது. இன்ன பணியாளர் இன்ன சேவையில் மட்டும் நிறுவனத்தின் பெயரால் செயலாற்றலாம் என்று வரையறுக்க வழி செய்தது. 'நீ யார்?' என்பது ஒரு கேள்வி. 'யார் பெயரால் வந்தாய், எதுவரை செல்லலாம்?' என்பது மற்றொரு கேள்வி. இரண்டையும் பிரித்தறிந்தது நல்ல நிருவாகம். 2021 ஏப்ரல் முதல் கார்ப்பாஸ் பயனாளர் சிங்பாஸ் வழியாகவே தம்மை மெய்ப்பிக்கும் முறை வந்தது. ஆளுக்கு ஒரு சாவி, அதிகாரம் வேறு என்னும் பிரிவு அதன்பின்னும் நிலைத்தது.

முத்திரை களவு போனால்

ஒற்றை உள்நுழைவு முறையில் எல்லாக் கதவுகளும் ஒரே காவலனை நம்புகின்றன. அக்காவலன் வீழ்ந்தால்? கெர்பரோசை ஆக்கியவர்கள் இதை அறிந்தே இருந்தனர். எல்லாச் சாவிகளையும் வைத்திருக்கும் கணினியைப் பூட்டிய அறையில் தனித்து வைக்க வேண்டும் என்று அவர்கள் வலியுறுத்தினர்.

2023ஆம் ஆண்டு நிகழ்ச்சி இந்த அச்சத்தை மெய்யாக்கியது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் உள்நுழைவுச் சீட்டுகளுக்கு முத்திரையிடும் மறைசாவி ஒன்று ஊடுருவிகளின் கைக்குச் சென்றது. 2016இல் உருவாக்கப்பட்ட பழைய சாவி அது. அதைக் கொண்டு ஊடுருவிகள் தாமே சீட்டெழுதி, தாமே முத்திரையிட்டு, 22 அமைப்புகளைச் சேர்ந்த 500க்கும் மேற்பட்டோரின் அஞ்சற்பெட்டிகளுள் நுழைந்தனர். அமெரிக்க வெளியுறவுத் துறையும் வணிகத் துறையும் அவற்றுள் அடங்கும். எவருடைய கடவுச்சொல்லும் திருடப்பட வேண்டியிருக்கவில்லை. பணியாளர்கள் எவ்வளவு நீண்ட சொல்லை வைத்திருந்தாலும் அது உதவியிராது. இதைத் தடுத்திருக்க முடியும் என்று 2024 ஏப்ரலில் வெளிவந்த அமெரிக்க அரசின் ஆய்வுக்குழு அறிக்கை கூறியது. சாவி எவ்வாறு களவு போயிற்று என்பது அவ்வறிக்கை வெளிவந்தபோதும் உறுதிப்படவில்லை.

இக்களவைக் கண்டுபிடித்தது யார்? வெளியுறவுத் துறையினரே. யார் எப்போது எந்த அஞ்சலைத் திறந்தார் என்னும் பதிவேட்டை அவர்கள் பார்த்துவந்தனர். அதில் வழக்கத்துக்கு மாறானது ஒன்று தென்பட்டது. பூட்டு ஏமாந்த இடத்தில் பதிவேடு விழித்திருந்தது. பண்டியின் கடிகாரத்தில் சுழன்ற அந்தத் தாள்சுருளின் பெருமை ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் குன்றவில்லை.

கணையாழி தொலைந்தவர்

சொல்லே இல்லாத காலம் ஒன்றை நோக்கி இத்துறை நகர்ந்து வருகிறது. 2019இல் உலகளாவிய வலை நெறியாக ஏற்கப்பட்டு, 2022 முதல் பெருநிறுவனங்கள் முன்னெடுத்துவரும் முறையில், மறைசாவி பயனரின் கைப்பேசியிலோ அவர் நம்பும் காப்பகத்திலோ இருக்கும். தளத்திடம் இருப்பது பொதுச்சாவி மட்டுமே. அதைத் திருடினாலும் பயனில்லை. கைப்பேசியைத் திறப்பது விரல்ரேகை அல்லது முகம். ஒரு வகையில், பெரட்டுக் களத்தில் கங்காணி கண்ட அதே முகம் மீண்டும் சான்றாகிறது. ஆனால் கருவி முகத்தின் அளவை ஒப்பிடுகிறது. அந்த முகத்துக்குரியவரை அது அறிவதில்லை.

கைப்பேசி தொலைந்தால்? சகுந்தலையின் நிலைதான். அப்போது நிறுவனத்தின் உதவி மேசையை அழைத்து, 'இன்னார் பேசுகிறேன்' என்று சொல்வதொன்றே வழி. அந்த வழியும் ஆபத்தற்றதன்று. 2023 செப்டம்பரில் லாஸ் வேகாஸின் எம்.ஜி.எம். விடுதி நிறுவனம் தாக்கப்பட்டபோது, ஊடுருவிகள் ஒரு பணியாளராக நடித்து உதவி மேசையிடம் பேசியே உள்ளே புகுந்தனர் என்று பரவலாகச் செய்திகள் வந்தன. அந்நிறுவனம் தனக்கு நேர்ந்த பாதிப்பை ஏறத்தாழ 10 கோடி டாலர் என்று மதிப்பிட்டது. மனிதரின் இரக்கமே அங்கு ஓட்டையாயிற்று.

அதற்காக இரக்கத்தின் கதவை அடைத்துவிடலாமா? அடைத்தால், உரியவரே வாசலில் நிற்பார். சம்பளச்சீட்டைக் காண முடியாத தொழிலாளியும், நோயாளியின் குறிப்பைத் திறக்க முடியாத தாதியும் அங்கே நிற்பர். திறந்தே வைத்தால் பொய்யரும் நுழைவர். இவ்விரண்டுக்கும் இடையே வழி காண்பது கருவியால் மட்டும் ஆகும் செயலன்று. அழைத்தவரின் மேலாளரிடம் கேட்டறிதல், நேரில் வரச்செய்தல், பதிவு செய்த எண்ணுக்குத் திருப்பி அழைத்தல் என, ஆளை அறிந்தவரின் வாய்மொழியை மீண்டும் சான்றாக்கும் பொறுமை அதற்கு வேண்டும்.

கோர்பட்டோ 2019ஆம் ஆண்டு ஜூலையில் தமது 93ஆம் வயதில் மறைந்தார். தாம் பெற்றெடுத்த கடவுச்சொல் பெருந்தொல்லையாக வளர்ந்துவிட்டதென 2014ஆம் ஆண்டுப் பேட்டி ஒன்றில் அவர் கூறினார். தம்முடைய சொற்களையும் தாளில் எழுதி வைத்திருப்பதாகவும் ஒளியாமல் சொன்னார். கடவுச்சொல்லின் தந்தைக்கே அது நினைவில் நிற்கவில்லை என்றால், விசைப்பலகைக்கு அடியில் தாள் வைத்த எழுத்தரைக் குறைகூற யாருக்கு உரிமை உண்டு?

கணையாழி கண்ட பிறகு துஷ்யந்தன் மகிழவில்லை. கண்முன் நின்றவளை அறியாமற் போனதை எண்ணி வருந்தினான். அடையாளம் ஆளுக்காக உண்டாயிற்று. ஆள் அடையாளத்திற்காக உண்டாகவில்லை. வாயிலில் எத்தனை தலை நாயை நிறுத்தினாலும், மோதிரம் தொலைத்து நிற்பவரின் முகத்தை நிமிர்ந்து பார்க்கும் மனிதர் ஒருவரையும் அவ்வாயிலில் நிறுத்தும் பணியிடமே தன் மக்களை அறிந்த பணியிடமாகும்.